வளவில் ஜப்பான் படம்: கோடு கெடாமல் திரையிடும் வழி

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது திறந்த நடு முற்றத்தில், ஜப்பானிய அனிமேஷன் படம் போடுவதற்குப் புரொஜெக்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், மெனுவுக்குள் போய் ஒரு வசதியை அணைப்பது. மோஷன் ஸ்மூத்திங், ஃபிரேம் இன்டர்பொலேஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவில், யாரும் வரையாத ஒரு படத்தை இயந்திரமே ஊகித்துச் செருகி அசைவை வழவழப்பாக்கும் வேலை அது. கிரிக்கெட்டுக்கு நல்லது. ஜப்பானிய அனிமேஷனுக்கு எமன்.

திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும், 24 படமும் தனித்தனியாக வரையப்படுவது அபூர்வம். ஒரே படம் இரண்டு ஃபிரேம் நின்றால் நொடிக்கு 12 படம். மூன்று ஃபிரேம் நின்றால் 8. ஜப்பானில் இந்த எட்டுதான் அன்றாடச் சாப்பாடு. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வாரத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்தபோது பணமும் குறைவு, நாளும் குறைவு. முகம் நிற்க வாய் மட்டும் அசையும். பழைய காட்சியை எடுத்துத் திரும்பவும் ஒட்டுவார்கள். வறுமைக்குச் செய்த இந்தச் சிக்கனத்தைப் பின்னால் வந்தவர்கள் ருசியாக மாற்றிவிட்டார்கள். எங்கே படத்தை நிறுத்தி வைப்பது, எங்கே வாரி இறைப்பது என்ற கணக்கில்தான் அந்த ஊர் அனிமேஷனின் உணர்ச்சி இருக்கிறது. மூன்று ஃபிரேம் நின்று சட்டென்று தாவும் கையை இயந்திரம் வழித்து விட்டால், குத்து விழுவதற்குப் பதில் பாகுக்குள் கரண்டி போவதுபோல் இருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. சட்டத்துக்குள் சாயச் சிமெண்டைக் கையால் ஊற்றுவதால் ஓரம் ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் நெளியும். பக்கத்தில் மெஷின் டைல்ஸை வைத்துப் பாருங்கள், செத்துக் கிடக்கும். இனி சொல்லப்போகும் ஏற்பாடெல்லாம் அந்த நெளிவைக் காப்பாற்றத்தான்.

மெனுவை மூடுவதற்குள் இன்னும் நான்கு மாற்றங்கள். பட வகையை ‘சினிமா’வில் வையுங்கள்; ‘விவிட்’, ‘டைனமிக்’ இரண்டும் நீர்வண்ணத்தின் வெளிறிய ஓரங்களை எரித்துவிடும். ஷார்ப்னஸைக் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். கூட்டினால் கரிக்கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும். நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். பென்சிலின் சொரசொரப்பை அது அழுக்கு என்று நினைத்துத் துடைக்கும். நிற வெப்பநிலை ‘வார்ம்’ அல்லது 6500 கெல்வின். காகித வெள்ளை நீலம் பூத்துத் தெரிந்தால் இது இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

கீஸ்டோன் என்றொரு வசதி இருக்கும், அதைத் தொடாதீர்கள். கோணலாக வைத்த புரொஜெக்டரின் படத்தை அது கணக்குப் போட்டு நிமிர்த்தும். அப்படி நிமிர்த்தும்போது மெல்லிய கோடெல்லாம் படிக்கட்டாக உடையும். முக்காலியின் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்து, புரொஜெக்டரையே நேராக்குவதுதான் மருந்து.

வளவு

செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் முகப்பில் தெருவிளக்கு விழும்; மூடிய சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு நாலு சுவரிலும் மோதி உருண்டு வரும். வளவுதான் சரி. மேலே வானம் திறந்திருப்பதால் சத்தத்தில் பெரும்பங்கு வெளியே போய்விடும்.

திரையை வளவின் குட்டைப் பக்கத்தில், தாழ்வாரக் கூரைக்கு அடியில் கட்டுங்கள். சுவரிலேயே அடித்தால் என்ன என்று தோன்றும். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடிபோல் பளபளக்கும். படத்தின் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்து, உட்கார்ந்த இடத்துக்குத் தக்கபடி அது நகரும். பழைய காலத்துக் கொத்தனாரின் பெருமை, படத்துக்கு இடைஞ்சல்.

120 அங்குலத் திரை என்றால் அகலம் 8 அடி 9 அங்குலம், உயரம் 4 அடி 11 அங்குலம். துணி வாங்குமுன் தூண் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 7 அடிதான் இருக்கிறது என்றால் 90 அங்குலத் திரையோடு நிறுத்துங்கள். அதற்கு அகலம் 6 அடி 6 அங்குலம் போதும். துணிக்கடையில் பிளாக்அவுட் திரைச்சீலைத் துணியின் வெள்ளைப் பக்கம் கிடைக்கும், அதுவே நல்லது. வேட்டியைக் கட்டலாம் என்பவர்களுக்கு: எட்டு முழ வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம். இரண்டை ஒட்டுத் தைத்தால் தையல் எப்போதும் யாருடைய மூக்கின் மேலாவதுதான் ஓடும். எந்தத் துணியானாலும் பின்னால் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் வெளிச்சம் ஊடுருவிப் பின்னால் போய், கறுப்பு சாம்பலாகும். கீழ் மடிப்பில் இரும்புக் கம்பியைச் செருகினால் காற்றுக்குத் துணி படபடக்காது.

3000 லுமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் இதற்குத் தாராளம். த்ரோ ரேஷியோ 1.5 என்று பெட்டியில் போட்டிருந்தால் அகலத்தை ஒன்றரையால் பெருக்குங்கள்: 120 அங்குலத்துக்கு 13 அடி தூரம். காரைக்குடிப் பக்கம் மார்கழியில் ஆறு மணியை ஒட்டியும் ஆனியில் ஆறே முக்காலுக்குச் சற்று முன்பும் சூரியன் மறையும். அதற்குமேல் 40 நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். அவசரப்பட்டு அந்தியிலேயே போட்டால் இருட்டுக் காட்சியெல்லாம் கரைந்துபோகும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும். லென்ஸுக்கு முன்னால் பறக்கும் ஒரே ஈசல் திரையில் கழுகளவுக்குத் தெரியும். அந்த நாட்களில் வேண்டாம்.

ஒலிக்குப் பெரிய யோசனை தேவையில்லை. ஒரே பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட, இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை முன் வரிசையிலிருந்து 7 அடிக்குள் வைத்துத் தாழ்ந்த சத்தத்தில் ஓட்டுங்கள். கல் தரையில் ஜமுக்காளம் விரித்தாலே கணகணப்புக் குறையும். கொறிக்கத் தேன்குழலும் சீப்புச்சீடையும் கொடுக்காதீர்கள். இந்தப் படங்களில் மௌனம் அடிக்கடி வரும், முப்பது வாய் சீடை கடிக்கும் சத்தத்தில் அது தாங்காது. மாவுருண்டை கொடுங்கள்.

கண்ணைப் பழக்குவது

கூட்டத்தை அழைப்பதற்கு முந்தின நாள், படம் போடுகிறவர் தனியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கணினியில் விஎல்சி பிளேயரைத் திறந்து, காட்சியை நிறுத்தி, ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்துங்கள். ஒரு அழுத்தத்துக்கு ஒரு ஃபிரேம் நகரும். யூடியூபில் நிறுத்தி வைத்துக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் பின்னும் முன்னும் போகலாம். எத்தனை அழுத்தத்துக்கு ஒருமுறை படம் மாறுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு ஒன்று மாறினால் அந்த இடத்தில் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். மூன்றுக்கு ஒன்று என்றால் சாதாரண நடை. பத்துப் பதினைந்து அழுத்தியும் மாறவில்லை என்றால் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.

எண்ணிக்கை தப்ப இரண்டு வழி உண்டு. பின்னணி ஒவ்வொரு ஃபிரேமிலும் நகரும், ஆள் மட்டும் மூன்றுக்கு ஒருமுறை மாறுவார். அதனால் முகத்தையோ சட்டைக் கையையோ மட்டும் பாருங்கள். இன்னொன்று, கோப்பே 30 ஃபிரேமுக்கு மாற்றப்பட்டிருந்தால், இரண்டுக்கு ஒருமுறை மாற வேண்டிய படம் 2, 3, 2, 3 என்று ஒழுங்கில்லாமல் வரும். கோப்பின் விவரத்தில் 23.976 அல்லது 24 என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஆட்களின் கைவண்ணம் பிரிந்து தெரியும். இயக்குநர் ஒசாமு தெசாகி 1970-இல் தொடங்கிய ‘அஷிதா நோ ஜோ’ தொடரில், உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது அசைவை நிறுத்தி, அந்த ஃபிரேமைக் கிரேயான் தீற்றிய ஓவியமாக மாற்றிவிடுவார். “ஏப்பா, படம் நின்னு போச்சா?” என்று வளவின் மூலையிலிருந்து ஓர் ஆச்சி கேட்பார். இடைவேளை போடும் இடத்தில் நம் கதாநாயகன் முகத்தில் படம் உறைவதை நினைவூட்டினால் போதும், புரிந்துகொள்வார். அனிமேட்டர் யோஷினோரி கனடா வேறு ஜாதி. உடம்பைக் கோணலாக வளைத்து, கைக்கும் காலுக்கும் நீளத்தை இஷ்டத்துக்கு மாற்றி, இடைப்பட்ட படங்களைச் சீராக நிரப்பாமல் தாவவிடுவார். 1983-இல் வந்த ‘ஹார்மகெடான்’ படத்து நெருப்பு டிராகன் அவர் கை. நிறுத்திப் பார்த்தால் டிராகனே தெரியாது, வெறும் கூர்முனைகளும் வளைவுகளும்தான். ஓடவிட்டால் சீறும்.

இதற்கு நேர் எதிர்முனை கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’, 1988. பொதுவாக ஜப்பானில் படத்தை வரைந்து முடித்த பின்தான் குரல் பதிவு. வாய்க்குத் திறப்பு, பாதித் திறப்பு, மூடல் என்று மூன்று நிலை இருந்தால் போதும். ‘அகிரா’வில் வசனத்தின் பெரும்பகுதியை முதலில் பதிந்து, அதற்கேற்ப உதட்டை வரைந்தார்கள். செலவின் பிரமாண்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நிறைய வரைந்தது எல்லாம் நிறைய உணர்த்தும் என்று நம்பிவிட வேண்டாம். அந்தப் படத்தில் நெஞ்சில் நிற்பது மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு இருட்டில் இழுத்துவிட்டுப் போகும் சிவப்புக் கோடு. அதற்கு ஒரு கீற்று போதுமாயிருந்தது.

எந்த வரிசையில்

அனிமேஷன் என்றால் பிள்ளைகள் படம் என்ற நினைப்பில்தான் பாதி விபத்து நடக்கிறது. ‘அகிரா’, சத்தோஷி கோனின் ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ (1997), மசாக்கி யுவாசாவின் ‘மைண்ட் கேம்’ (2004) மூன்றும் பெரியவர்களுக்கு மட்டும். ரத்தமும் வன்முறையும் மற்றதும் உண்டு. ‘மை நெய்பர் டோட்டோரோ’வும் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ படமும் 1988 ஏப்ரலில் ஜப்பானில் ஜோடியாகத்தான் வெளியாயின. அந்தத் தைரியம் நமக்கு வேண்டாம். இரண்டாவது படம், போரில் அனாதையாகும் அண்ணன் தங்கை கதை. ஒரு வீடு முழுக்க அழுத பிறகு சாப்பாடு இறங்காது.

முதல் இரவுக்கு ‘டோட்டோரோ’. 86 நிமிடம், சண்டை இல்லை, வில்லன் இல்லை. மழையில் பஸ் நிறுத்தத்தில் அக்காள் தங்கையைச் சுமந்து நிற்கும் காட்சியில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் காட்சி. ஜப்பானியர் இதை ‘மா’ என்பார்கள், இடைவெளி. கூட்டம் சளசளக்கும் என்று பயந்து அங்கே எழுந்து விளக்கம் சொல்லாதீர்கள். குடையில் சொட்டு விழும் சத்தம் கேட்டதும் தானே அடங்குவார்கள்.

இரண்டாம் இரவுக்கு ‘ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. யூகோ சாக்கோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய இந்திய-ஜப்பான் கூட்டுப் படம். 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட டப்பிங்குகளோடு இங்கே திரையரங்குகளுக்கு வந்தது. கம்பன் கழகம் வளர்த்த ஊரில் இதைப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இது கம்பன் வழி வந்த படமல்ல. இல்லையென்றால் ஐயா யாராவது ஒவ்வொரு காட்சிக்கும் “கம்பன்ல இப்படி இல்லையே” என்று தொடங்கி, படம் பட்டிமன்றமாகிவிடும். மரபான, சீரான வரைவு. கோட்டில் துணிச்சல் குறைவு என்பது என் கட்சி. ஆனால் தெரிந்த கதை என்பதால் கண், கதையைத் துரத்தாமல் கோட்டைப் பார்க்கும். பழக்குவதற்கு அதைவிட நல்ல படம் இல்லை.

மூன்றாவது, கோனின் ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’, 2001. ஒரு பழைய நடிகை தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, அவர் நடித்த படங்களும் வாழ்க்கையும் ஒரே ஓட்டமாகக் கலந்துவிடும். ஒரு காலத்து வாசலைத் தாண்டினால் இன்னொரு காலத்தில் கால் விழும். இங்கே கோட்டில் முறுக்கு இல்லை, வெட்டில்தான் வித்தை. குழம்புவார்கள் என்று எண்ண வேண்டாம். நடிகையின் வாழ்க்கையையும் வேஷத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சினிமா ரசிகர்கள் நாம்.

அடுத்ததற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஒதுக்குங்கள். இசாவோ தகஹாட்டாவின் ‘த டேல் ஆஃப் த பிரின்செஸ் ககுயா’, 2013, 137 நிமிடம். மூங்கில் வெட்டுகிற கிழவருக்கு மூங்கிலுக்குள் ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது. பிறகு தங்கமும் பட்டும் கிடைக்கின்றன. கிராமத்தை விட்டுத் தலைநகரில் மாளிகை கட்டி, அவளை இளவரசியாக்கப் பார்க்கிறார். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பிப் பார்த்த வளவில், அதே வளவில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பார்ப்பது வேறெந்த ஊர்க்காரருக்கும் வாய்க்காது.

படம் முழுதும் நீர்வண்ணம். ஓரங்களில் காகிதம் வெறுமையாக விடப்பட்டிருக்கும்; திரை சரியில்லை என்று நினைத்துப் பிரகாசத்தைக் கூட்டிவிடாதீர்கள். பெயர் சூட்டு விருந்தில் வந்த ஆண்கள் அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது திரைக்குப் பின்னால் இருக்கும் அவள் காதில் விழுகிறது. எழுந்து ஓடுகிறாள். கதவுகள் உடைகின்றன, அடுக்கடுக்கான பட்டு ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. அதுவரை மெல்லியதாக இருந்த கோடு கரிக்கிறுக்கலாக மாறும், முகம் இரண்டு மூன்று தீற்றலாகும், நிறம் போய்விடும். கோபத்தை நடித்துக் காட்டவில்லை, கோடே கோபப்படுகிறது. முந்தின நாள் இந்த ஓட்டத்தை மட்டும் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்து வையுங்கள். ஷார்ப்னஸை ஏன் இறக்கச் சொன்னோம் என்பது இங்கே தெரியும். இடைவேளையை இந்தக் காட்சிக்கு ஒட்டிப் போடாதீர்கள். பத்து நிமிடமாவது தள்ளிப் போடுங்கள்.

யுவாசா கடைசி. பெரியவர்களுக்கு ‘த நைட் இஸ் ஷார்ட், வாக் ஆன் கேர்ள்’ (2017) போதும். கை கால் இழுபடும், முகம் தட்டையாகும், நிறம் அடித்துப் பூசியதுபோல் இருக்கும். முதல் இரவில் போட்டால் கிறுக்குத்தனம் என்பார்கள். ‘ககுயா’ பார்த்த பிறகு போட்டால், இதுவும் அதே சுதந்திரத்தின் சிரித்த முகம் என்று புரியும்.

படம் தொடங்குமுன் சிலேட்டில் நாலு குறிகளை வரைந்து காட்டுவது நல்லது: நெற்றியில் குறுக்கு நரம்பு என்றால் கோபம், பக்கத்தில் பெரிய வியர்வைத் துளி என்றால் தர்மசங்கடம், மூக்கில் குமிழி என்றால் தூக்கம், முகத்தில் செங்குத்துக் கோடுகள் என்றால் அதிர்ச்சி. இரண்டு நிமிட வேலை. தொலைக்காட்சித் தொடர் போடுவதானால் இது இல்லாமல் முடியாது.

மொழி

டப்பிங்கை இளக்காரமாகப் பேசுவது ஒரு மோஸ்தர். ‘ஹரிச்சந்திரா’ என்ற கன்னடப் படத்தை 1944-இல் தமிழ் பேசவைத்தவர் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன், இந்தியாவில் டப்பிங்குக்குப் பிள்ளையார் சுழி அது என்று சொல்வார்கள். மேலும், மூன்று நிலை வாய்க்குத் தமிழும் ஜப்பானியமும் ஒன்றுதான். தமிழ் டப்பிங் இருந்தால் பிள்ளைகளுக்கு அதைப் போடுங்கள்.

இல்லாத படங்களுக்கு சப்டைட்டில். தமிழில் நீங்களே எழுதுவதானால் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். வேறு முறையில் சேமித்தால் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். டிவியின் யூஎஸ்பி வழியாகப் போட்டால் பலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாகப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ்ச் சொல் நீளம், ஆகவே வசனத்தை அப்படியே பெயர்க்காமல் சுருக்குங்கள்: இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல்.

கண் தெரியாத அப்பத்தாக்களுக்கு ஒருவர் உரக்கப் படிக்கலாம். ஊமைப் படக் காலத்தில் ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் ‘பென்ஷி’ என்றொரு கூட்டமே இருந்தது. படிப்பவர் நடிக்கக் கூடாது. பாத்திரம் பேசி முடித்த பின் தணிந்த குரலில் சொன்னால் போதும். கத்தல், அழுகை, பாட்டு எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

திரையிடும் இரவு

நெட்ஃபிளிக்ஸில், ‘டோட்டோரோ’வையும் ‘ககுயா’வையும் எடுத்த ஜிப்லி ஸ்டுடியோவின் படங்கள் இருக்கின்றன. ஃபோன் திரையை மிரர் செய்தால் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கும். காப்புரிமைப் பூட்டு அது. ஹெச்டிஎம்ஐ ஸ்டிக்கையோ மடிக்கணினியையோ நேராகச் செருகுங்கள். இது வீட்டு மனிதர்களுக்கான ஏற்பாடு. டிக்கெட் போட்டாலோ ஊரைக் கூட்டினாலோ வினியோக உரிமை உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

850 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் நல்ல நிலையில் இருந்தால் 300 வாட் புரொஜெக்டரும் சின்ன ஸ்பீக்கரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அந்த லைனில் ஃபேன் போடாதீர்கள். விளக்கு வகைப் புரொஜெக்டரில் மின்சாரம் திடீரென நின்றால் உள்விசிறியும் நின்று, சூட்டில் விளக்கின் ஆயுள் குறையும்.

பிள்ளைகளை 10 அடிக்கு முன்னால் உட்காரவிடாதீர்கள். பார்வையாளர்களுக்குப் பின்னால் ஒரு மங்கல் விளக்கு எரியட்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். வலிப்பு வரும் பிள்ளை இருந்தால், மின்னல் வெட்டுக் காட்சி உள்ள படத்தையே தேர்ந்தெடுக்காதீர்கள்.

பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் யாராவது எழுந்து டியூப்லைட்டைப் போடுவார்கள். ஸ்விட்ச் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத் தடுங்கள். ‘டோட்டோரோ’வில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவது அந்தப் பட்டியலோடு வரும் சின்னச் சின்னப் படங்களில்தான். அது முடிந்து, புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து, உள்விசிறி தானே நிற்கும்வரை இரண்டு நிமிடம் பொறுத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள்.